குப்பியா, நிரப்பிய சிரிஞ்சா, பேனாவா? முடக்குவாத ஊசியை நாமே போட்டுக்கொள்வது

மூட்டுகள் வீங்கி விறைக்கும் முடக்குவாதம் எனக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் ஆறு ஆண்டுகளாக என் ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன். வாதநோய்ப் பிரிவின் வெளிநோயாளி வரிசையில் பக்கத்தில் உட்காருபவர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எந்த ஊசி குறைவாக வலிக்கும்?" அதற்குப் பதில் சொல்வதற்கு முன் நான் அவர்களுடைய கைகளைப் பார்ப்பேன். கட்டைவிரல் எவ்வளவு மடங்குகிறது, பாட்டில் மூடியைத் திறக்க முடிகிறதா, வீட்டில் உடன் இருப்பவர் யார் என்று விசாரிப்பேன். வலியை விட இவைதான் எந்த ஊசி என்பதை முடிவு செய்கின்றன.

மாத்திரையா ஊசியா

ஒப்பீடு இங்கேதான் தொடங்க வேண்டும். நம்மில் பலருக்கு முதல் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். அதை உருவாக்கிய அமெரிக்க ஆய்வுக்கூடத்தின் தலைமை விஞ்ஞானி எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இரத்தப் புற்றுநோய்க்காக 1940-களில் பிறந்த மருந்து, மிகக் குறைந்த அளவில் வாரத்துக்கு ஒருமுறை என்று மூட்டு நோய்க்கு வந்து சேர்ந்தது.

மாத்திரை மலிவானது, எளிது. தொடக்கத்தில் அதுவே போதும். ஆனால் வாரத்துக்கு 15 மில்லிகிராமைத் தாண்டும்போது, மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனாலும் குடல் உறிஞ்சும் அளவு அதே விகிதத்தில் கூடுவதில்லை. தோலுக்கடியில் போடும் ஊசிக்கு அந்தத் தடை இல்லை. குமட்டலும் சிலருக்குக் குறைகிறது. எனக்குக் குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. அந்த மஞ்சள் நிறத் திரவத்தைப் பார்த்தாலே வயிறு புரட்டும் நாட்கள் இன்றும் உண்டு.

ஊசிக்கு இன்னொரு நன்மை இருப்பதாக நான் நினைக்கிறேன். வாரம் ஒருமுறை விழுங்க வேண்டிய மாத்திரையைத் தினமும் விழுங்கிவிட்டவர்கள் உயிராபத்து வரை போயிருக்கிறார்கள். ஊசியில் அந்தத் தவறு நேர்வது அரிது. நான் பள்ளி ஆசிரியை என்பதால் சனிக்கிழமை மாலையைத் தேர்ந்தெடுத்தேன். மறுநாள் வரும் அசதி ஞாயிற்றுக்கிழமையோடு போய்விடும்.

யார் போடுவது

முதல் ஐந்து மாதங்கள் தெருமுனைக் கிளினிக்கில் போட்டுக்கொண்டேன். நல்ல கைதான். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் முக்கால் மணி நேரக் காத்திருப்பு. சிஸ்டர் விடுப்பில் இருந்தால் ஊசி திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகும். மூன்றாவது முறை தள்ளிப்போனபோது, இது சரிவராது என்று தெரிந்துவிட்டது.

அடுத்ததாக மகளிடம் கேட்டேன். அவள் முகம் சுளிக்காமல் முன்வந்தாள். மருத்துவர்தான் தடுத்தார். மெத்தோட்ரெக்ஸேட் கருவைப் பாதிக்கும் மருந்து. கர்ப்பிணியோ, கருத்தரிக்க விரும்பும் பெண்ணோ அதைக் கையாளக் கூடாது. வேறு யார் உதவினாலும் கையுறை அணிய வேண்டும். மகளுக்குத் திருமணமாகி எட்டு மாதங்களே ஆகியிருந்தன. இதை யாரும் எனக்கு முன்பே சொல்லாததை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. மருமகளோ மகளோ ஊசி போடும் வீடுகள் நம்மிடையே ஏராளம். தயவுசெய்து இதை முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கணவரும் ஒருமுறை முயன்றார். ஊசியை விட அவர் கை அதிகம் நடுங்கியது. ஆக, நானே கற்றுக்கொள்வது என்று முடிவானது.

குப்பியும் சிரிஞ்சும்

இதுதான் மிகக் குறைந்த செலவில் ஆகும் வழி. கவனம் அதிகம் தேவைப்படும் வழியும் இதுவே. மருத்துவமனையின் மூத்த சிஸ்டர் எனக்கு மூன்று வாரம் சொல்லிக் கொடுத்தார். முதல் வாரம் அவர் போட, நான் பார்த்தேன். இரண்டாம் வாரம் உப்புநீரை உறிஞ்சி ஒரு பஞ்சு உருண்டையில் குத்திப் பழகினேன். மூன்றாம் வாரம் என் வயிற்றில் நானே போட்டேன். "அம்மா, மூச்சைப் பிடிக்காதீர்கள், வெளியே விடுங்கள்," என்றார். அந்த ஒரு சொல்லில் பாதி பயம் போயிற்று.

செய்முறை சுருக்கமானது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குப்பியின் ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும். எடுக்கப் போகும் மருந்தின் அளவுக்குக் காற்றை முதலில் குப்பிக்குள் செலுத்தினால் மருந்து எளிதாக இறங்கும். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிற்றிலோ, தொடையின் முன்பக்கத்திலோ தோலை மடித்துப் பிடித்துக் குத்த வேண்டும். போட்டபின் தேய்க்கக் கூடாது. வாரா வாரம் இடத்தை மாற்ற வேண்டும். நான் நாட்காட்டியில் 'வ.வயிறு', 'இ.தொடை' என்று குறித்து வைக்கிறேன்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மெல்லிய ஊசி என்பதால் பலரும் இன்சுலின் சிரிஞ்சைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சுகள் விற்கின்றன. சிவப்பு மூடி உள்ளதில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 கோடுகள். ஆரஞ்சு மூடி உள்ளதில் 100. மில்லிலிட்டருக்கு 25 மில்லிகிராம் உள்ள மருந்தில் உங்களுக்கு 15 மில்லிகிராம் வேண்டும் என்றால், எடுக்க வேண்டியது 0.6 மில்லிலிட்டர். அது சிவப்பு மூடியில் 24-ஆம் கோடு, ஆரஞ்சு மூடியில் 60-ஆம் கோடு. என்னுடன் வரிசையில் பழகிய ஓர் அம்மா, "24 வரை இழுக்க வேண்டும்" என்று மட்டும் மனப்பாடம் செய்திருந்தார். மருந்துக் கடையில் ஒருமுறை ஆரஞ்சு மூடி கொடுத்துவிட்டார்கள். அதிலும் 24 வரை இழுத்தார். உடம்புக்குள் போனது 6 மில்லிகிராம். மூட்டுகள் வீங்கி மருத்துவரிடம் வந்தபோதுதான் காரணம் தெரிந்தது. இது குறைவில் முடிந்த தவறு. தவறு எதிர்த்திசையில் நடந்திருந்தால் நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

ஆகவே என் கருத்து உறுதியானது: இன்சுலின் சிரிஞ்சு வேண்டாம். மில்லிலிட்டர் கோடு போட்ட ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சை வாங்குங்கள். உங்கள் அளவை மில்லிகிராமிலும் மில்லிலிட்டரிலும் மருத்துவர் எழுத்தில் எழுதிக் கொடுக்கட்டும். குப்பியின் அடர்த்தி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் லேபிளைப் படியுங்கள். குப்பியில் மிஞ்சியதை அடுத்த வாரத்துக்கு வைக்கலாமா என்பதும் லேபிளைப் பொறுத்ததே. கெடாமல் காக்கும் பொருள் சேர்க்காத குப்பி ஒரே பயன்பாட்டுக்கு உரியது.

இந்த முறை யாருக்குப் பொருந்தாது? சிறிய கோடுகளைப் படிக்க முடியாதவருக்கும், விரல் நுனியில் உணர்வோ பிடியோ குறைந்தவருக்கும் பொருந்தாது. அவர்கள் மருந்து நிரப்பி வரும் மெத்தோட்ரெக்ஸேட் சிரிஞ்சைக் கேட்கலாம். விலை கூடும், கணக்குப் போடும் வேலை இல்லாமல் போகும்.

நிரப்பிய சிரிஞ்சும் பேனாவும்

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் நோய் மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு மட்டும் அடங்கவில்லை. அடாலிமுமாப் என்ற உயிரியல் ஊசி மருந்தைத் தொடங்கினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம். இந்த மருந்தின் உலகின் முதல் பயோசிமிலர், அதாவது மூல மருந்தை ஒத்த மாற்று மருந்து, 2014 டிசம்பரில் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது. அது வராமல் இருந்திருந்தால் என் போன்ற ஆசிரியைக்கு இந்த மருந்து எட்டியிருக்காது. தொடங்குமுன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று மார்பு எக்ஸ்ரேயும் பரிசோதனையும் செய்தார்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. காய்ச்சலோ தொற்றோ இருக்கும் நாளில் ஊசியைப் போடாமல் மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதும் அதே அளவு முக்கியம்.

இங்கே தேர்வு இரண்டு: மருந்து நிரப்பிய கண்ணாடிச் சிரிஞ்சு, அல்லது ஊசி உள்ளே மறைந்திருக்கும் பேனா. இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே மருந்து, ஒரே அளவு. கருவிதான் வேறு.

பேனாவைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் பிடித்துவிடும். ஊசி கண்ணில் படுவதில்லை. தோலில் செங்குத்தாக வைத்து அழுத்தினால் 'டக்' என்ற ஒலியோடு மருந்து இறங்குகிறது. பேனாவில் உள்ள சிறு சன்னலில் நிறம் மாறி நின்றால் முடிந்தது. ஊசியைக் கண்டாலே மயங்குபவருக்கு இதை விட நல்ல ஏற்பாடு இல்லை.

நான் இரண்டையும் பயன்படுத்தியிருக்கிறேன். எனக்குப் பிடித்தது சிரிஞ்சுதான். பேனாவில் வேகம் நம் கையில் இல்லை. ஸ்பிரிங் முழு மருந்தையும் ஒரே வீச்சில் தள்ளிவிடும். எரிச்சல் வந்தாலும் நிறுத்த முடியாது. சிரிஞ்சில் மெதுவாகத் தள்ளலாம், எரிந்தால் ஒரு கணம் நிற்கலாம், மறுபடி தொடரலாம். எரிச்சலுக்கு மருந்தில் சேர்க்கும் சிட்ரேட் உப்பும் ஒரு காரணம். சிட்ரேட் இல்லாத வகைகளும் வந்திருக்கின்றன. கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கருவியை மாற்றுவதை விட இது அதிகப் பலன் தரலாம்.

பேனாவில் இன்னொரு இழப்பும் உண்டு. முதல் 'டக்' ஒலியைக் கேட்டதும் முடிந்துவிட்டது என்று நினைத்து எடுத்துவிட்டால், மருந்து தோல்மேல் வழியும். எனக்கு நேர்ந்தது. இரண்டு வாரத்து மருந்து, பல ஆயிரம் ரூபாய், என் தொடையில் ஈரமாக நின்றது. அன்று நான் அழுதேன். அதன்பின், சன்னல் நிறம் மாறிய பிறகும் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் எடுப்பேன்.

ஆனால் கை என்ற ஒன்றை மறக்க முடியாது. சிரிஞ்சைப் பிடிக்க இரண்டு விரலும் தள்ளக் கட்டைவிரலும் ஒன்றுசேர்ந்து உழைக்க வேண்டும். பேனாவை முழு உள்ளங்கையால் பற்றலாம். பேனாவிலும் இரண்டு வகை: பொத்தானை அழுத்த வேண்டியது ஒன்று, தோலில் அழுத்தினாலே இயங்குவது மற்றொன்று. கட்டைவிரல் மூட்டு தேய்ந்தவருக்கு இரண்டாவதே ஏற்றது. மூடியை இழுப்பதும் சிலருக்குக் கடினம். வாங்குமுன் மாதிரிப் பேனாவைக் கேட்டு இழுத்துப் பாருங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் காலை விறைப்பு விலகிய பிறகு, மாலையில் போட்டுக்கொள்வது நல்லது.

குளிர்ப்பெட்டியும் குப்பையும்

வைத்துப் பாதுகாப்பதில் மெத்தோட்ரெக்ஸேட்டுக்கே வெற்றி. வெளிச்சம் படாத அலமாரியில் அது பேசாமல் இருக்கும். அடாலிமுமாபுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். கதவுப் பக்கமும் ஐஸ் அறைக்கு அருகிலும் வைக்காமல், நடுத்தட்டில் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் உருகிய பின்பும் பயனில்லை. மூல மருந்தின் விவரத்தாள், 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 14 நாள் வரை வைக்கலாம் என்கிறது. தஞ்சாவூரில் மே மாதத்து அறை 25 டிகிரியில் இருப்பதில்லை. அதனால் மின்தடை நீண்டால் நான் வாய் அகன்ற பிளாஸ்க்கில், ஐஸ் பொட்டலத்துக்கும் மருந்துக்கும் நடுவே துண்டு வைத்து எடுத்து வைக்கிறேன். போட்டுக்கொள்ளும் முன் அரைமணி நேரம் வெளியே வைத்தால் எரிச்சல் குறையும். வெந்நீரில் வைக்கக் கூடாது.

பயன்படுத்திய ஊசிகளை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தின. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, நிறைந்ததும் மருத்துவமனையில் ஒப்படைக்கிறேன். குப்பை பிரிக்கும் பெண்களின் விரல்களை நினைத்தால் வேறு வழி தோன்றாது.

இப்போது என் வலது கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்கத் தொடங்கியிருக்கிறது. சென்ற மாதம் சிரிஞ்சைத் தள்ளும்போது பாதியில் நின்று இடக்கைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அடுத்த முறை போகும்போது, பொத்தான் இல்லாத பேனாவின் மாதிரியை எடுத்து வைக்கும்படி சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன். மீண்டும் மூன்று வாரம் சொல்லித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.