கினிப்பன்றிக்கு ஜோடியும் வேண்டும், தராசும் வேண்டும்: மலையக வளர்ப்பு அனுபவம்

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் கினிப்பன்றி வாங்க நினைப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, ஒன்றை மட்டும் வாங்காதீர்கள் என்பதுதான். அது கூட்டமாக வாழும் பிராணி. தனியே விட்டால் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், தீனி குறையும், ஆள் நடந்தாலே மிரளும். நாம் மடியில் வைத்து எவ்வளவு கொஞ்சினாலும் அந்தக் குறை தீராது. சுவிட்சர்லாந்தில் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி கினிப்பன்றியைத் தனியாக வளர்க்கவே முடியாது.

துணைக்கு முயலை விடுவதும் கூடாது. முயலின் உதை பலமானது. அதைவிட மோசமானது, முயல் எந்த நோயும் காட்டாமல் சுமந்து திரியும் போர்டெடெல்லா கிருமி. கினிப்பன்றிக்கு அது தொற்றினால் நிமோனியா வரும்.

இரண்டு பெண், அல்லது ஒரு பெண்ணும் விதை நீக்கிய ஆணும்தான் நல்ல சேர்க்கை. விதை நீக்கிய பிறகும் 6 வாரம் பிரித்தே வையுங்கள், அதுவரை கரு தரிக்க வாய்ப்பு உண்டு. கடையில் சொல்லும் ஆண், பெண் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. ஆண்குட்டி 3 வாரத்திலேயே சேர்க்கைக்குத் தயாராகிவிடும். 7 மாத வயதைத் தாண்டி முதல் முறையாகக் கருத் தரிக்கும் பெண்ணுக்கு இடுப்பெலும்பு இறுகிவிடுவதால் குட்டி வெளியே வராமல் தாயே சாகலாம். வீட்டுக்கு வந்ததும் வைத்தியரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள்.

புதியதை 2 முதல் 3 வாரம் வேறு அறையில் வைத்துத் தும்மல், சொறி, கழிச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டுக்கும் பழக்கமில்லாத தரையில், நடுவில் புல்லைக் குவித்துச் சேர்த்து விடுங்கள். ஒரே வாசல் உள்ள ஒளிவிடம் வேண்டாம், உள்ளே மாட்டிக்கொண்டது கடிபடும். உறுமிக்கொண்டே இடுப்பை ஆட்டி நடப்பது, ஏறுவது, மூக்கை உயர்த்துவது எல்லாம் யார் பெரியவர் என்ற பேச்சுவார்த்தை. இடையில் பிரித்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மயிர் சிலிர்த்துப் பல்லை விடாமல் கடகடத்தால் பக்கத்திலேயே இருங்கள். இரத்தம் வந்தால் தடித்த துவாயைப் போட்டுப் பிரித்துவிடுங்கள், வெறுங்கையை நுழைக்காதீர்கள்.

பூர்வீகம் அந்தீஸ் மலை என்பதால் நம் குளிர் ஒத்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. 18 முதல் 24 பாகை வரைதான் அதற்குச் சுகம். இரவில் 10 பாகைக்கு இறங்கினாலும், குளிர்காற்று அடிக்காத இடமும் உலர்ந்த படுக்கையும் ஒட்டிப் படுக்க ஒரு துணையும் இருந்தால் சமாளிக்கும். ஈரம்தான் ஆகாது. கூட்டை இஸ்தோப்பில் வைக்க வேண்டாம், சீமெந்துத் தரையிலும் வேண்டாம். உள்ளே ஒரு மேசை உயரத்தில், இரண்டுக்குக் குறைந்தது 120 சென்ரிமீற்றர் நீளம், 60 அகலம் கொடுங்கள்.

படுக்கையில் வெறும் பத்திரிகைத் தாள் தோல்வி. நனைந்த தாளில் நின்று உள்ளங்கால் சிவந்து புண்ணாகும். மரஆலைத் தூள் நெஞ்சுக்குக் கேடு. அடியில் பழைய துவாய், மேலே பிளீஸ் (fleece) என்ற மெத்தென்ற துணிப் போர்வை என்பதுதான் நீண்ட நாளைக்கு உழைக்கிறது. ஆனால் தென்மேற்கு மழைக் காலத்தில் துணி காயாது. மாற்றுக்கு 3 தொகுதியாவது வேண்டும், அடுப்படிக்கு மேல் கொடி கட்டியே காய வைக்க வேண்டியிருக்கும். ஈரப் போர்வையில் விட்டால் மூக்கிலும் கண்ணோரத்திலும் வட்டமாக மயிர் கொட்டும். அது படர்தாமரை, பிள்ளைகளுக்கும் தொற்றும். வலிப்பு வருமளவுக்குச் சொறிந்தால் அது நுண்ணுண்ணி. எடை பார்த்து வைத்தியர் தரும் ஐவர்மெக்டின் குணமாக்கும். ஒன்றுதான் சொறிகிறது என்றாலும் இரண்டுக்கும் மருந்து வேண்டும்.

தீனியில் பெரும்பங்கு புல். வளர்ந்துகொண்டே இருக்கும் பல்லைத் தேய்ப்பது அதுதான். தேயிலை மலையோரப் புல்லை, களைக்கு மருந்தடித்த இடமா என்று கேட்காமல் வெட்ட வேண்டாம். குவித்து வைத்துச் சூடேறிய புல் வயிற்றை ஊத வைக்கும், பூஞ்சண வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். விற்றமின் சி அதன் உடலில் உற்பத்தியாகாது. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும், முயல் தீனியில் அது கிடைக்காது. 10 கிராம் கொய்யாவிலேயே ஏறக்குறைய 20 மில்லிகிராம் இருக்கிறது. மரக்கறித் தோட்டத்துக் கழிவில் லீக்ஸும் உருளைக்கிழங்கு இலையும் நஞ்சு, பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

ஜோடியாக வளர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒன்று தின்னாமல் இருந்தாலும் மற்றது தட்டைக் காலி செய்துவிடும், புழுக்கையும் குவிந்து கிடக்கும். நோயாளியும் மற்றதோடு ஓடி வந்து கீச்சிடும். ஆகவே வாரம் ஒரு முறை ஒரே நேரத்தில், சமையல் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்து எழுதுங்கள். 50 கிராம் குறைந்தால் பல்லையும் தீனியையும் கவனியுங்கள். 100 கிராம் குறைந்தால் வைத்தியரிடம் போங்கள். அரை நாளாக எதையுமே தின்னாவிட்டால் தராசுக்குக் காத்திருக்க வேண்டாம், குடல் நின்றுவிடும்.

வைத்தியர் பெரும்பாலும் மாடும் நாயும் பார்ப்பவராக இருந்தால் மருந்தின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்வழி அமொக்சிசிலின், பென்சிலின் போன்றவை குடலின் நல்ல கிருமிகளை அழித்துக் கினிப்பன்றியைக் கொன்றுவிடும். பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலை வரை போக நேர்ந்தால் ஜோடியையும் அதே பெட்டியில் கொண்டுபோங்கள். வழியில் பயம் குறையும், துணை தின்பதைப் பார்த்து நோயாளியும் ஒரு வாய் கடிக்கும். திரும்பி வந்ததும் வேற்று வாசனை என்று சண்டையும் வராது. வளைவுப் பாதையில் தண்ணீர்ப் போத்தல் ஒழுகிப் படுக்கையை நனைக்கும். பதிலுக்கு ஒரு துண்டு வெள்ளரிக்காயும் ஒரு கட்டு புல்லும் போதும்.