செரெஸா வெஸ்டாவா, எதைப் பாக்கிறது?

தம்பி ஒருத்தன் கேட்டான், அண்ணை, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில சூரியனைச் சுத்துற சிறுகோள்கள் செரெஸ், வெஸ்டா ரெண்டிலை எதை முதல்ல தேடுறது எண்டு. நான் வெஸ்டா எண்டுதான் சொல்லுவன்.

பெரிசெண்டு பாத்தா செரெஸ்தான், குறுக்களவு 940 கிலோமீற்றர் மட்டில. வெஸ்டா 525தான், ஆனா பருத்தித்துறையிலயிருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் 430 சொச்சம்தானே, அப்ப முழு இலங்கையும் அதுக்குள்ள நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். சின்னனா இருந்தாலும் வெஸ்டாதான் வெளிச்சம், மேற்பரப்பு வெயிலை நல்லாத் திருப்பி அடிக்கும், செரெஸ் கரி மாதிரி இருட்டு. நல்ல கிட்ட வாற நேரம் வெஸ்டாவை வெறுங்கண்ணாலயே மட்டுமட்டாப் பிடிக்கலாம், நான் காரைநகர்க் கடற்கரையில பைனாகுலரை மோட்டச்சைக்கிள் சீற்றில ஊண்டி வச்சுப் பாத்தனான், ஒரு புள்ளிதான், ஆனா அடுத்தநாள் இடம் மாறிக் கிடந்துது.

கண்டுபிடிச்ச கதையில செரெஸை அடிக்கேலாது. 1801 ஜனவரி 1, இத்தாலியில பலெர்மோவில பியாஸி எண்ட வானியலாளர் கண்டார், பிறகு அது சூரியன்ர பக்கம் போய்த் துலைஞ்சு போச்சு, 24 வயசுப் பொடியன் கவுஸ் கணக்குப் போட்டு இடத்தைச் சொல்ல, வருசக் கடைசியில திரும்ப ஆப்பிட்டுது. வெஸ்டாவை 1807 மார்ச் 29 ஒல்பெர்ஸ் எண்ட வானியலாளர் கண்டார், அவ்வளவுதான்.

செரெஸுக்குள்ள ஐஸ் கனக்க, அதாலை அடர்த்தி தண்ணியைவிட ரெண்டு மடங்கு சொச்சம்தான். வெஸ்டா தனிக் கல்லு, இரும்பு நடுப்பகுதியும் இருக்கு, மூண்டரை மடங்கு வரும். தெற்கில 500 கிலோமீற்றர் குழி வேற, ஏதோ வந்து மோதின அந்த அடியில பறந்த துண்டுகள் சிலது பூமியிலயும் விழுந்து கிடக்கு.