மூளைக்குள் ஒளிப்பதா, பிறரிடம் கொடுத்து வைப்பதா?

நினைவைப் பறிக்கும் அறிவியல் புனைகதைகளில் நான் முதலில் தேடுவது, பறிகொடுப்பவர் அதை எங்கே பத்திரப்படுத்தப் பார்க்கிறார் என்பதைத்தான். தனக்குள்ளேயே பதுக்குவது ஒரு வழி. வெளியே யாரிடமாவது, எதிலாவது வைப்பது இன்னொரு வழி.

பதுக்கும் வழிக்கு 'எட்டர்னல் சன்ஷைன் ஆஃப் த ஸ்பாட்லெஸ் மைண்ட்' (2004) என்ற திரைப்படம். காதலி கிளெமன்டைனை மறக்க, நினைவுகளை அழித்துத் தரும் ஒரு நிறுவனத்திடம் ஜோயல் தானாகவே போய்ப் படுக்கிறான். அழிப்பு பாதி நடக்கும்போது மனம் மாறி, அவளைத் தன் சிறுவயது நினைவுகளுக்குள் இழுத்துக்கொண்டு ஓடுகிறான். சமையலறை மேசைக்கு அடியில் அவன் சிறுவனாக ஒண்டியிருக்கும் காட்சியில் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். அப்படியும் தோற்றுப்போகிறான். கடைசியில் உண்மையை இருவரிடமும் சேர்ப்பவை, அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த மேரி தபாலில் அனுப்பும் ஒலிநாடாக்கள்!

அறிவியலும் பதுக்குவதற்கு எதிராகவே பேசுகிறது. 2000-இல் நரம்பியல் ஆய்வாளர் கரீம் நாடரின் குழு எலிகளிடம் கண்டது இது: மீண்டும் கிளறப்பட்ட அச்ச நினைவு இளகிப்போய், புதிதாகப் பதிந்தாக வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் மூளையில் புரத உற்பத்தியைத் தடுத்தால் அது குலைகிறது. ஆசையாய் எடுத்துப் பார்க்கும் பொழுதே நினைவு பாதுகாப்பற்றுப் போகிறது.

ஆர்வெல்லின் '1984' (1949) நாவல் வெளியே வைப்பதன் ஆபத்தையும் காட்டிவிடுகிறது. ஆளும் கட்சி துரோகிகள் என்று தண்டித்த மூவரின் வாக்குமூலம் பொய் என்பதற்கான செய்தித்தாள் துண்டு ஒருமுறை கதைநாயகன் வின்ஸ்டன் கையிலேயே இருக்கிறது. பயந்துபோய் அவனே அதை ஒழித்துவிடுகிறான். பின்னாளில் அவனைச் சித்திரவதை செய்யும் கட்சிக்காரன் ஓபிரையன் அதே துண்டைக் கண்முன் காட்டிவிட்டு அழிக்கிறான். அப்படியொன்று இருந்ததே இல்லை என்கிறான். எனக்கு நினைவிருக்கிறது, உனக்கும் நினைவிருக்கிறது என்று வின்ஸ்டன் கதறுகிறான். எனக்கு நினைவில்லை என்று பதில் வருகிறது. ஆமாம் என்று சொல்ல இன்னொரு ஆள் இல்லாத இடத்தில் ஒற்றை மனிதனின் நினைவு எத்தனை நாள் தாங்கும்?

பிலிப் கே. டிக்கின் 1966 சிறுகதை, நினைவைப் பதிப்பதையும் அழிப்பதையும் வைத்து அருமையாகப் புதிர் போடுகிறது. ஆனால் எதிர்ப்பதற்கு வழி தேடி நான் அதனிடம் போகமாட்டேன்.

என் தேர்வு ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953) நாவல். புத்தகங்கள் எரிக்கப்படும் நாட்டில் சிலர் ஆளுக்கொரு நூலை மனப்பாடமாகச் சுமந்து அலைகிறார்கள். பைபிளின் பிரசங்கி நூலில் ஒரு பகுதி தனக்குத் தெரியும் என்று, அவர்களிடம் தப்பி வந்து சேரும் கதைநாயகன் மான்டாக் சொன்னதும், அதைச் சுமக்க ஹாரிஸ் என்று ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்கிறார் அவர்களில் ஒருவரான கிரேஞ்சர். பிறகு மான்டாக்கின் தோளைப் பற்றி, உடம்பைப் பார்த்துக்கொள், ஹாரிஸுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீதான் பிரசங்கி என்கிறார்.