26 அடிப் பாய்மரப் படகு: ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கணக்கு

படகு வாங்கிய முதல் மாதத்தில் எழுதியிருந்தால் இது காதல் கடிதமாக இருந்திருக்கும். கடலைக் கடந்து மறுகரை ஏறிய வாரத்தில் எழுதியிருந்தால் 'விற்பனைக்கு' என்று தலைப்பிட்டிருப்பேன். ஏழு ஆண்டுகள் கழித்து எழுதுகிறேன். கோபம் ஆறிவிட்டது, மயக்கமும் தெளிந்துவிட்டது.

முதலில் படகு. 26 அடி நீளம், கண்ணாடியிழை உடல், அடியில் ஈயம் வார்த்த குட்டையான ஏரா (படகைக் கவிழாமல் நிறுத்தும் அடிக்கட்டை), ஒரே பாய்மரம், பெரிய பாய் ஒன்று, முன்பாய் ஒன்று, ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின். நான் வாங்கும்போதே அதற்கு 31 வயது. நான்கு பேர் படுக்கலாம் என்று விற்றவர் சொன்னார். படுக்கலாம், ஒருவரும் புரளாமல் இருந்தால். மழை பெய்தால் இடப்பக்க ஜன்னல் ஓரத்தில் ஒரு சொட்டு விழும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

வேகத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இத்தகைய படகின் உச்ச வேகத்தைத் தீர்மானிப்பது, நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்பகுதியின் நீளம். அந்த நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் நாட் கணக்கில், அதாவது மணிக்கு எத்தனை கடல் மைல் என்று, விடை கிடைக்கும். என் படகுக்கு அது ஏறக்குறைய 6 நாட், மணிக்கு 11 கிலோமீட்டர். சோம்பலாகச் சைக்கிள் மிதிப்பவர்கூட முந்திவிடுவார். பாயை எவ்வளவு விரித்தாலும் அதற்கு மேல் படகு சாயுமே தவிர ஓடாது.

இந்த ஏழு ஆண்டுகளில் படகில் உள்ள ஒவ்வொரு பொருளையும் நான் ஒரே கேள்வியால் எடைபோடக் கற்றுக்கொண்டேன்: இது நடுக்கடலில் கெட்டுப்போனால், நள்ளிரவில், படகு சாய்ந்து ஆடும்போது, ஒரு கையால் பிடிமானத்தைப் பற்றிக்கொண்டு மறு கையால் என்னால் சரிசெய்ய முடியுமா? இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு பயணம். வரைபடத்தில் நேர்கோடு போட்டால் 340 கடல் மைல். சராசரி 4 நாட் என்று வைத்து மூன்றரை நாள் என்று கணக்குப் போட்டேன். காற்றின் போக்குக்கு வளைந்து வளைந்து 410 கடல் மைல் ஓடி, ஐந்தே கால் நாளில் போய்ச் சேர்ந்தோம். கூட வந்தது என் மைத்துனன். மோட்டார் மெக்கானிக். கடலுக்கு அதுவே முதல் முறை.

முதல் இரவிலேயே தானியங்கிச் சுக்கான் செத்தது. சுக்கான் தண்டில் மாட்டும் சிறிய மின்கருவி அது. திசைகாட்டியைப் பார்த்து, ஒரு தண்டை நீட்டியும் மடக்கியும் படகைப் பாதையில் வைத்திருக்கும். கரையோரமாக மூன்று ஆண்டுகள் அருமையாக உழைத்தது. எனக்கும் அதன்மேல் அபார நம்பிக்கை. அலை பின்பக்கத்திலிருந்து தூக்கத் தொடங்கியதும் ஓயாமல் நீட்டி மடக்கி, பேட்டரியைக் குடித்துக்கொண்டே முனகியது. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும் என்பதால், 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும் கையில் இருப்பது 50தான். அதிகாலை இரண்டு மணிக்கு முனகல் நின்றது. கழற்றிச் சாய்த்தபோது தண்டு நுழையும் துளையிலிருந்து உப்பு நீர் ஒழுகியது.

கடல்நோயில் சுருண்டு கிடந்த மைத்துனனை எழுப்பிச் சுக்கானைக் கையில் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அவன் முகம் தெளிந்தது. கண்ணைத் தொடுவானத்தில் வைத்துப் படகை ஓட்டுவதற்கு இணையான கடல்நோய் மருந்தை நான் இன்றுவரை கண்டதில்லை. மாத்திரைகள் வேலை செய்கின்றன, ஆனால் வாந்தி தொடங்குவதற்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும்.

விடிந்ததும் பழைய வித்தையைச் செய்தோம். முன்பாயின் கயிற்றை ஒரு கப்பி வழியாகத் திருப்பி, சுக்கான் தண்டில் காற்று வரும் பக்கமாகக் கட்டினோம். மறுபக்கம் ஒரு ரப்பர் குழாய். படகு காற்றை நோக்கித் திரும்பினால் பாயின் இழுப்பு கூடிச் சுக்கானை இழுக்கும். இழுப்பு குறைந்தால் ரப்பர் திருப்பி இழுக்கும். முடிச்சின் இடத்தை விரல் அகலம் நகர்த்தி நகர்த்தி ஒரு மணி நேரம் போனது. பிறகு படகு தானே ஓடியது. குடிபோதையில் வீடு திரும்புபவனைப்போல இடமும் வலமும் தள்ளாடியது, ஆனால் வழி தவறவில்லை. 1895 முதல் 1898 வரை தனியாளாக உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகம், சுக்கானைக் கட்டிவைத்துவிட்டு நாள்கணக்கில் ஓடியவர். 1968-69இல் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் தனிமனிதரான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுஹைலி'யிலும், பம்பாயில் கட்டப்பட்ட அந்த 32 அடிப் படகில், தானியங்கிச் சுக்கான் பாதி வழியில் உடைந்துபோனது. அவர் பாய்களைச் சமன் செய்து மீதி உலகத்தைச் சுற்றி முடித்தார். என் புலம்பலுக்கு இடமே இல்லை. இப்போது மின்சாரம் தேவையில்லாமல் காற்றைக் கொண்டே சுக்கானைத் திருப்பும் காற்றுத்தகட்டுக் கருவி பொருத்திவிட்டேன். எட்டுப் போல்ட்டுகளும் ஒரு ஒட்டுப்பலகையும்தான். உடைந்தால் பலகை சீவிக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் பிற்பகல் காற்று ஏறியது. காற்றின் பலத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 6, அதாவது 22 முதல் 27 நாட். கரையில் நின்று பார்த்தால் 'கொஞ்சம் காற்று' என்பீர்கள். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 15 நாட் 25 ஆனால் பாயின்மேல் சுமை இரண்டே முக்கால் மடங்கு. பாயைச் சுருக்கலாமா என்ற யோசனை மனத்தில் வரும் முதல் நொடியிலேயே சுருக்கிவிட வேண்டும் என்பார்கள். நான் தேநீர் குடித்துவிட்டுச் சுருக்கலாம் என்று நினைத்தேன். அந்தத் தேநீர் யார் வாய்க்கும் போகவில்லை. கால் மணி நேரத்தில் சுருக்க வேண்டிய பாயை முக்கால் மணி நேரம் போராடிச் சுருக்கினோம்.

அதைவிடப் பெரிய தவறு அடுத்தது. பின்காற்றில் ஓடும்போது, பெரிய பாயின் அடியைப் பிடித்திருக்கும் அலுமினியக் கட்டை திடீரென்று மறுபக்கம் பாய்ந்துவிடாமல் இருக்க, அதன் நுனியிலிருந்து படகின் முன்முனையான அணியத்துக்கு ஒரு தடுப்புக் கயிறு கட்டுவது வழக்கம். பாயைச் சுருக்குவதற்காக அதை அவிழ்த்தேன். திரும்பக் கட்ட மறந்தேன். ஒரு அலை படகின் பின்பக்கத்தைத் தள்ளியது. சட்டென்று ஒரு கணம் நிசப்தம், பாயில் சுருக்கம், பிறகு துப்பாக்கி வெடித்ததைப்போல ஓசை. மைத்துனன் அந்த நேரம் பார்த்துக் கயிற்றுச் சிக்கலை எடுக்கக் குனிந்திருந்தான். அவன் தொப்பி மட்டும் கடலுக்குப் போனது. கட்டையைப் பிடித்திருந்த கப்பி இரண்டாகப் பிளந்திருந்தது. அவன் நிமிர்ந்து, "அத்தான், இப்போது என்ன நடந்தது?" என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் தடுப்புக் கயிற்றைத் தேடினேன். இன்று அந்தக் கயிறு சிவப்பு நிறம். அவிழ்ந்து கிடந்தால் கண்ணைக் குத்த வேண்டும்.

அன்று இரவுதான் தண்ணீர் வந்தது. உள்ளறையில் இறங்கிய மைத்துனன் கால் நனைந்ததும் கத்தினான். தரைப்பலகையைத் தூக்கினால் அடியில் ஒரு சாண் ஆழத்துக்குக் கருப்பு நீர் தளும்புகிறது. உடலில் கடல்நீருக்காகப் போட்ட துளைகள் மூன்று. ஒவ்வொன்றின் அருகிலும் அளவான மரக்கட்டை கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், வால்வு உடைந்தால் அடித்து அடைப்பதற்காக. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மூன்றையும் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தன. சுக்கான் தண்டு நுழையும் இடமும் உலர்ந்திருந்தது. அப்போது மைத்துனன் செய்த காரியத்தைத்தான் இந்தப் பயணத்தின் உச்சமாகச் சொல்வேன். விரலை அந்தக் கருப்பு நீரில் தோய்த்து நாக்கில் வைத்தான்.

"உப்பு இல்லை அத்தான். நல்ல தண்ணீர்!"

படகு மூழ்கவில்லை என்ற மகிழ்ச்சி பத்து நொடி நீடித்தது. அந்த நல்ல தண்ணீர் எங்கள் குடிநீர். 80 லிட்டர் தொட்டியின் குழாயை இறுக்கியிருந்த உலோகப் பட்டை துருப்பிடித்து அறுந்திருந்தது. மிஞ்சியது தனியாக வைத்திருந்த பத்து லிட்டர் கேன்கள் இரண்டு. ஆளுக்கு மூன்று லிட்டர் என்றால் மூன்று நாளுக்குச் சற்று மேல். சமைக்கக் கடல்நீரைக் கலந்தோம், பல் துலக்குவதை மறந்தோம், சரியாகப் போதுமாயிருந்தது. இப்போது தொட்டியை நம்புவதே இல்லை. எல்லாம் கேன்களில். ஒவ்வொரு குழாய்க்கும் இரண்டு பட்டைகள், அதுவும் காந்தம் ஒட்டாத நல்ல எவர்சில்வரில்.

மூன்றாம் இரவு ஒரு சரக்குக் கப்பல். இரண்டு வெள்ளை விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக, கீழே சிவப்பும் பச்சையும் ஒருசேரத் தெரிந்தன. சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கம், பச்சை மட்டும் தெரிந்தால் வலப்பக்கம். இரண்டும் தெரிந்தால் அது நம்மை நோக்கியே வருகிறது. 20 நாட் வேகத்தில் வரும் கப்பலுக்கு ஒரு கடல் மைல் மூன்று நிமிடம். திறந்த கடலில் என்ஜினில் ஓடும் கப்பல் பாயில் ஓடும் படகுக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. விதி புத்தகத்தில் இருக்கிறது, நான் தண்ணீரில் இருக்கிறேன். வி.எச்.எஃப். வானொலியில் 16ஆம் அலைவரிசையில் கூப்பிட்டேன். சாவகாசமான ஒரு குரல், எங்களை வெகுநேரமாகத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் திசையை மாற்றிக்கொள்வதாகவும் சொன்னது. சிவப்பு மறைந்து பச்சை மட்டும் நின்றபோதுதான் மூச்சு வந்தது. அந்தத் திரையில் எங்களைக் காட்டியது, சுற்றியுள்ள கப்பல்களுக்கு நம் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி. என் கேள்விக்கு இது விதிவிலக்கு. கெட்டுப்போனால் என்னால் சரிசெய்ய முடியாது. இருந்தாலும் ஏழு ஆண்டுகளில் நான் வாங்கியவற்றில் மிகச் சிறந்த பொருள் இதுதான்.

நான்காம் நாள் காற்று அடியோடு நின்றது. பலத்த காற்றைவிடப் படகைக் கெடுப்பது இந்த அமைதி. காற்று போய்விடும், அலையின் எழுச்சி போகாது. படகு உருள உருளப் பாய் இடமும் வலமும் அறையும், கயிறுகள் ஒரே இடத்தில் உரசும். மாலையில் பார்த்தால் பாயைத் தூக்கிப் பிடித்திருக்கும் கயிற்றின் உறை உரிந்து வெள்ளை நூல் தெரிகிறது. என்ஜினைப் போட்டேன். நாற்பது நிமிடம் ஓடி, இருமி, நின்றது.

முந்தைய நாள்களின் ஆட்டத்தில் டீசல் தொட்டியின் அடியில் ஆண்டுக்கணக்காகப் படிந்திருந்த கசடு கலங்கி வடிகட்டியை அடைத்திருந்தது. தொட்டியைப் பாதி காலியாக வைத்தால் உள்ளே ஈரம் வியர்த்து அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கருப்புக் கூழாகும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். 'அடுத்த முறை பார்க்கலாம்' பட்டியலில் மூன்று ஆண்டுகளாக இருந்தது. மைத்துனன் வடிகட்டியை மாற்றி, காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, கட்டைவிரலால் கை பம்பை அழுத்திக்கொண்டே இருந்தான். திருகின் ஓரத்தில் நுரை வந்தது, பிறகு குமிழி, பிறகு குமிழியில்லாத டீசல். திருகை இறுக்கிவிட்டு, இரண்டு முழங்கைகளிலும் டீசல் வழிய, "இந்த என்ஜினில் குற்றம் ஒன்றுமில்லை அத்தான்" என்றான். மீதியை அவன் சொல்லவில்லை. ஆக, டீசல் என்ஜினுக்கு என் முழு மதிப்பெண், அதன் உரிமையாளருக்குப் பாதி. தொட்டியைத் திறந்து சுத்தம் செய்தாகிவிட்டது. மூன்று வடிகட்டிகளும் சரியான ஸ்பேனரும் என்ஜின் பெட்டிக்குள்ளேயே கட்டித் தொங்குகின்றன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாயின் துணியைவிடத் தையல் முதலில் போகும், வெயிலால். இரண்டு முறை தைத்தேன். கழிவறைப் பம்பைப் பற்றிச் சாப்பிடும் நேரத்தில் யாராவது படிக்கக்கூடும் என்பதால் விடுகிறேன். தளத்தின் இருபுறமும் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டைநாடாவும், அதில் கொக்கி மாட்டும் இடுப்புக் கயிறும் இருட்டியபின் கட்டாயம். ஆபத்தில் 406 மெகாஹெர்ட்சில் செயற்கைக்கோளுக்குக் குரல் கொடுக்கும் கருவி ஏணிப்படி ஓரத்தில் தொங்குகிறது. அதன் பேட்டரி காலாவதித் தேதியை மட்டும் பார்ப்பேன். உயிர்காப்பு மிதவை வாடகைக்கு எடுத்தது, பிரிக்கவே இல்லை. 1979இல் ஃபாஸ்ட்நெட் என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தைத் தாக்கிய புயலில் 15 பந்தய வீரர்கள் இறந்தார்கள். ஆட்கள் கைவிட்டுப் போன படகுகள் 24, அவற்றில் மூழ்கியவை 5 மட்டுமே. அதனால் மிதவையில் ஏறும் எண்ணம் எனக்குக் கடைசியாகத்தான் வரும்.

அடுத்த கோடையில் திரும்பவும் போகிறோம். மைத்துனன் வருகிறான், புதுத் தொப்பியோடு, தாடைக்குக் கீழ் கட்டும் நாடா வைத்தது. இடப்பக்க ஜன்னலுக்கு ஏழு ஆண்டுகளில் நான்கு வகைப் பசை போட்டுப் பார்த்துவிட்டேன். சொட்டு இன்னும் நேராகத் தலையணையின்மேல்தான் விழுகிறது. போன மாதம் தலையணையை மறுமுனைக்கு மாற்றிவிட்டேன். இப்போது பாதம் நனைகிறது.