செயினா, பெல்ட்டா? பழைய டீசல் கார் வாங்கப் போகும்முன்

செகண்ட் ஹேண்டில் டீசல் கார் தேடினால் இந்த இரண்டு இன்ஜின்களும் கண்ணில் படாமல் போகாது. ஒன்று ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். மாருதி ஸ்விஃப்ட், டிசையர், டாடா இண்டிகா விஸ்டா என்று ஆளாளுக்கு எடுத்துக்கொண்டதால் ‘நேஷனல் இன்ஜின்’ என்ற பட்டப்பெயரே வந்துவிட்டது. இன்னொன்று ரெனால்ட்டின் 1.5 கே9கே, ஒரகடத்தில் தயாரான டஸ்டரில் இருப்பது. பிஎஸ்6 என்ற புகை மாசு விதி வந்த 2020-இல் இரண்டும் இந்தியச் சந்தையிலிருந்து விடைபெற்றன.

மல்டிஜெட் 1248 சிசி, 16 வால்வு. ஸ்விஃப்ட்டில் 75 பிஎஸ் சக்தி, 2000 ஆர்பிஎம்மில் 190 என்எம் இழுவை (டார்க்). அந்த 2000-க்குக் கீழே வண்டி தூங்கும். ஸ்பீடு பிரேக்கர் தாண்டி இரண்டாவது கியரில் மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, அப்புறம் டர்போ விழித்துக்கொண்டு முதுகில் தள்ளும். கே9கே 1461 சிசி, 8 வால்வுதான். 85 பிஎஸ் டஸ்டரில் 200 என்எம், 110 பிஎஸ்ஸில் 248 என்எம். நாலு பேரும் லக்கேஜுமாக மலை ஏறினால் 110-இன் இழுவைக்கு மல்டிஜெட் பக்கத்தில்கூட வராது.

ஆனால் பழைய வண்டியில் நான் முதலில் பார்ப்பது இழுவையை அல்ல, டைமிங்கை. அதாவது பிஸ்டனும் வால்வுகளும் தாளம் தப்பாமல் இயங்க இரண்டையும் இணைக்கும் செயின் அல்லது பெல்ட்டை. மல்டிஜெட்டில் செயின். ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டினால் செயின் நீண்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்துவிடும். ஆனால் அது சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போதுதான் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும் என்பதால், காலையில் போய் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஓனர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். ஜில்லென்று இருந்தால் ஸ்டார்ட் செய்து, டைமிங் பக்கம் கடகடவென்று உலோகச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

கே9கேயில் பெல்ட். அது பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் அறுந்துபோகும். அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து ஹெட்டைக் கழற்ற வேண்டிய வேலை. வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது என்பதால் டென்ஷனர், பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வில் கரி படிவது இரண்டுக்கும் பொது வியாதி. ஊருக்குள்ளேயே ஓடிய வண்டியில் வால்வைக் கழற்றினால் தார் மாதிரி ஒட்டும். 85-இன் டர்போ எளிமையானது. 110-இல் இருப்பது வேரியபிள் டர்போ, வேகத்துக்கு ஏற்ப அசைந்து புகையின் ஓட்டத்தை மாற்றும் இதழ்கள் கொண்டது. அந்த இதழ்கள் கரியில் இறுகினால் பிக்கப் போய்விடும்.

அடிக்கடி மலைப்பாதை, நீண்ட பயணம் என்றால் டஸ்டர் 110. மற்றவர்களுக்கு என் ஓட்டு மல்டிஜெட்டுக்கே. டஸ்டர்தான் வேண்டும் என்றால் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். வாய்வார்த்தையாக ‘மாத்தியாச்சு சார்’ என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வண்டி கைக்கு வந்த வாரமே பெல்ட்டை மாற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.