டைகருக்கும் பூசிக்கும் ஒரு விளையாட்டுச் செயலி: ஒரு வருடத்துக்கு மேலான அனுபவம்

தங்கச்சி மகன் பல்கலைக்கழக இறுதியாண்டுக்காகச் செய்த மாதிரிச் செயலி இது. நாய், பூனைகளின் அன்றாடப் பராமரிப்பை விளையாட்டாக மாற்றுவதுதான் நோக்கம். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கு மேலாகப் பயன்படுத்துகிறோம். நாய் டைகர், பூனை பூசி. பார்த்துக்கொள்வது நானும் என் இரண்டு பிள்ளைகளும், பட்டன் போன் மட்டுமே வைத்திருக்கும் அம்மாவும்.

முதலில் ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வரைந்த திரைகளைத்தான் காட்டினான். தொட்டால் அடுத்த பக்கம் போகும். நேற்று என்ன செய்தோம் என்பது அதற்கு நினைவிருக்காது. பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று பார்க்க அது போதும். வீட்டில் ஒரு பழக்கம் உண்டாகிறதா என்று பார்க்கப் போதாது. அப்புறம் ஆண்ட்ராய்டு போனில் ஓடும் சின்னப் பதிப்பு ஒன்றைத் தந்தான். நான் எழுதுவது அதைப் பற்றி.

சாப்பாடு வைத்தால் நாணயம், தண்ணீர் மாற்றினால் நாணயம். நாள் தவறாமல் செய்தால் தொடர்ச்சி எண் ஏறும். திரையில் ஒரு நாய்க்குட்டி இருக்கும், வேலை நடக்காவிட்டால் அழும். 1996இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட, திரைக்குள் பிராணி வளர்க்கும் பொம்மையான தமகோச்சியின் வழியில் வந்த யோசனை. ஆனால் தமகோச்சிக்குத் திரைக்கு வெளியே உயிர் கிடையாது. இங்கே வாசலில் ஒரு நிஜ நாய் படுத்திருக்கிறது.

அம்மா விடியற்காலையிலேயே சோறு வைத்துவிடுவார். அது போனுக்குத் தெரியாது. சின்னவன் எழுந்து பார்த்தால் திரை நாய் பசியில் அழும். அவன் ஓடிப்போய் இன்னொரு தரம் வைப்பான், நாணயமும் விழும். சில மாதங்களில் டைகர் பெருத்துவிட்டான். விலாவை லேசாகத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். நாயின் எடை சரியா என்று வீட்டிலேயே பார்க்க அதுதான் எளிய வழி. டைகருக்குத் தட்டுப்படவில்லை.

"பெரியம்மா, அப்போ நாணயத்தைக் குறைச்சிடவா?" என்று தங்கச்சி மகன் கேட்டான். சாப்பாட்டுக்கு நாணயமே வேண்டாம், அழும் நாயும் வேண்டாம் என்றேன். இப்போது 'வைத்தாச்சு' என்ற ஒரே குறிதான், எல்லோருக்கும் தெரியும்படி. அதையே மாதத் தாளாக அச்சிட்டு அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அம்மா அதில் பென்சிலால் கோடு போடுவார், மகள் பிறகு போனில் ஏற்றுவாள். என்னைக் கேட்டால், முழுச் செயலியிலும் அதிகம் உதவியது இந்தத் தாள்தான்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பின்னால் பரிசு இல்லாதபோது மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள். தானாகப் பிடித்துச் செய்கிற வேலைக்குக் கூலி வைத்தால் பிடிப்பு போய்விடலாம். டைகருக்குத் தண்ணீர் வைக்க என் பிள்ளைகளுக்கு முன்பு யாரும் காசு கொடுத்ததில்லை.

சரி, அப்படியானால் புள்ளிகளே வேண்டாமா? வேண்டும். அலுப்பான, கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கு வேண்டும். உண்ணி தேடுவது அப்படியொரு வேலை. இரண்டாம் பதிப்பில் நாயின் உடம்புப் படம் ஒன்று வருகிறது. காதுக்குள், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டிக்குக் கீழே, அக்குள், வாலடி என்று ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்து, படத்தில் அந்த இடத்தைத் தொட வேண்டும். உண்ணி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரே அளவு புள்ளிதான். இந்த ஒரு முடிவுக்காகவே அவனைப் பாராட்டுவேன். கிடைத்தால்தான் புள்ளி என்றால் பிள்ளைகள் உண்ணி கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். கிடைத்ததை எடுக்கும் முறையையும் படமாகக் காட்டுகிறது: சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுப்பது. நம் பக்கம் மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது நாயின் தோலைப் புண்ணாக்கும், நக்கினால் உள்ளே போய் விஷமாகும். மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட படத்தை அம்மாவே நின்று பார்த்தார்.

தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கத்தை நனைக்கும். அந்த மாதங்களில் 'மூக்கு' என்ற இடமும் படத்தில் சேரும். ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது மூக்குக்குள் அட்டை ஏறிவிடும்; ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம் வந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். வெளியூர்ச் செயலி எதிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

உண்ணித் தேடலோடு ஈறின் நிறத்தையும் பார்க்கச் சொல்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் மகள் 'வெளுப்பு' என்று குறித்தாள். சிறுநீரும் கறுத்துப் போயிருந்தது. மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். இரத்தத்தைப் பார்த்துவிட்டு, உண்ணியால் பரவும் பேபீசியா என்ற நோய் என்றார். எப்போதிருந்து சாப்பிடவில்லை என்று அவர் கேட்டபோது மகள் போனைத் திறந்து நாள் நாளாகக் காட்டினாள். டைகர் பிழைத்துக்கொண்டான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முதல் பதிப்பில் நாய்க்கும் பூனைக்கும் ஒரே மருந்துப் பொத்தான். நாய்களுக்கான சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். அது பூனையின் உயிரையே எடுக்கும். ஒரே படத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளை பூசிக்கும் அதையே தடவியிருந்தால்? இப்போது பூனைக்குத் தனிப் பக்கம், தனி நிறம், மேலே எச்சரிக்கை.

மழையில் கரண்ட் போகும், சிக்னலும் போகும். முன்பெல்லாம் அப்போது தொடர்ச்சி எண் பூச்சியமாகிவிடும். மகள் வேலையைச் செய்துவிட்டும் தோற்றுப்போனவளாக உட்கார்ந்திருந்தாள். பிறகு கொஞ்ச நாள் போனையே தொடவில்லை. இப்போது பதிவு போனிலேயே தங்கி, சிக்னல் வந்ததும் மேலே போகிறது. தொடர்ச்சி எண்ணை எடுத்துவிட்டு, இந்த மாதத்தில் எத்தனை நாள் என்று மட்டும் காட்டுகிறது. விசர்நோய்த் தடுப்பூசி போல வருடத்துக்கொருமுறை வரும் விஷயத்துக்கு விளையாட்டு ஒத்துவராது. அதற்கு ஊசி கார்டின் படமும் ஒரு நினைவூட்டலும் போதும், அவை நன்றாக வேலை செய்கின்றன.

பக்கத்து லயத்துப் பிள்ளைகளோடு போட்டிப் பட்டியல் வைக்கலாமா என்று தங்கச்சி மகன் கேட்கிறான். நான் வேண்டாம் என்றிருக்கிறேன். அதற்குப் பதிலாக இரண்டு கேட்டிருக்கிறேன்: வைத்தியரிடம் காட்ட ஒரே பக்கச் சுருக்கம், வாசிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழ்க் குரல். சுருக்கப் பக்கத்தை வரைய ஆரம்பித்துவிட்டான்.