லக்ஸரா, ஸ்பெயினா, கப்பலா? 2027 முழு சூரிய கிரகணத்துக்கு எங்கே போகலாம்

2027 ஆகஸ்ட் 2 அன்று நிலவின் நிழல் அட்லாண்டிக் கடலில் இறங்கும். ஜிப்ரால்டர் ஜலசந்தியைக் கடந்து, வட ஆப்பிரிக்காவின் மேல் நெடுக ஓடி, செங்கடலைத் தாண்டி, சவூதி, ஏமன், சோமாலியா வழியாக இந்தியப் பெருங்கடலுக்குள் போய்விடும். நிழல் விழும் பட்டையின் அகலம் அதிகபட்சம் சுமார் 258 கிலோமீட்டர். எகிப்தின் லக்ஸர் பக்கம் சூரியன் முழுசாக மறைந்திருக்கும் நேரம் 6 நிமிடம் 23 விநாடி. இதைவிட நீண்ட முழு கிரகணம் வேண்டுமென்றால் 2114 வரை காத்திருக்க வேண்டும்.

இந்த 6 நிமிடம்தான் ஆளை மயக்குகிறது. பயணம் போட உட்காருகிறவர்கள் முதலில் நிமிடத்தைப் பார்த்து ஊரை முடிவு செய்கிறார்கள். மேகத்தைப் பற்றிய கவலை டிக்கெட் போட்ட பிறகுதான் வருகிறது. இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன்: முதலில் வானம், அடுத்து வண்டி, நிமிடம் கடைசி.

காரணம் இந்தக் கிரகணத்தின் குடும்ப வரலாற்றிலேயே இருக்கிறது. சாரோஸ் என்ற சுழற்சியின்படி, 18 ஆண்டு, 11 நாள், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை கிட்டத்தட்ட ஒரே மாதிரியான கிரகணம் திரும்ப வரும். 2027-க்கு மூத்தவை 2009, 1991, 1973. 1991 ஜூலை 11 அன்று ஹவாயின் பெரிய தீவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதே நாளில் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் வானம் பளிச்சென்று இருந்தது. 2009 ஜூலை 22 பருவமழைக் காலத்தின் நடுவில் வந்தது. பீகாரின் தரேக்னாதான் சரியான இடம் என்று பேசப்பட்டு ஆயிரக்கணக்கானோர் அங்கே கூடினார்கள், மேகம் மூடிக்கொண்டது. ஷாங்காயில் மழையே பெய்தது. வாரணாசியில் கங்கைக் கரையில் நின்றவர்களுக்குக் கிரகணம் தெரிந்தது. தரேக்னாவிலிருந்து வாரணாசி ஒரு நாள் பயணத் தூரம்கூட இல்லை.

மேகம் மூடினாலும் இருட்டு வரும், பறவைகள் அடங்கும், கொஞ்சம் குளிரும். ஆனால் கறுத்த வட்டத்தைச் சுற்றி வெள்ளையாக விரியும் கரோனா, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலம், கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதற்காகத்தானே இவ்வளவு தூரம் போகிறோம்.

லக்ஸர்: வானம் உறுதி, வெயிலும் உறுதி

ஆகஸ்ட் மாத லக்ஸரில் மழை என்பது கிட்டத்தட்ட இல்லாத சமாச்சாரம். எகிப்தில் புழுதியைக் கிளப்பும் கம்சீன் காற்றும் வசந்த காலத்தில் வீசிவிட்டுப் போய்விடும். ஆக, இந்தப் பாதையில் வானத்தை நம்பி ஒரே இடத்தில் உட்காரலாம் என்றால் அது இங்கேதான். வண்டி வேண்டாம், இரவு முழுக்கச் செயற்கைக்கோள் படத்தை முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டியது உடம்பு. முழுமறைப்பு வருவது உள்ளூர் நேரப்படி மதியம் 1 மணி சுமாருக்கு. ஆகஸ்ட்டில் அங்கே பகல் வெப்பம் சாதாரணமாகவே 40 டிகிரியைத் தொடும். சூரியனை நிலவு கடிக்கத் தொடங்கியதிலிருந்து முழுமறைப்பு வரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் திறந்தவெளியில் நிற்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஓரமாக நிழலில் இருந்துகொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து கிரகணக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தால் போதும். முக்காலியில் நிற்கும் கறுப்புக் கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. கொதித்துப் போய் சரியான நேரத்தில் அணைந்துவிடும். ஒரு வெள்ளைத் துண்டை நனைக்காமல் அதன் மேல் போட்டு வையுங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றாது. அந்த நேரத்தில் சூரியன் 82 டிகிரி உயரத்தில், அநேகமாக உச்சந்தலைக்கு மேல் இருக்கும். கோயில் தூண்களுக்கு நடுவே கரோனா தெரிகிற மாதிரி படம் எடுக்கலாம் என்ற ஆசையோடு போனால் ஏமாற்றம்தான். மீன்கண் லென்ஸ் இருந்தால் ஒழிய இரண்டும் ஒரு சட்டத்துக்குள் அடங்காது. கழுத்தும் வலிக்கும். பாயை விரித்து மல்லாந்து படுத்துப் பார்ப்பதுதான் வழி. உயரத்தில் ஒரு லாபமும் உண்டு. தப்பித்தவறி மேகத் துணுக்குகள் வந்தாலும் பார்வை அவற்றை நேர் மேலாகக் கடக்கும்; இடைவெளி அகலமாகத் தெரியும். சூரியன் தாழ்வாக இருந்தால் தூரத்து மேகங்கள் ஒன்றையொன்று மறைத்து சுவர் மாதிரி நிற்கும்.

தெற்கு ஸ்பெயின்: வண்டி இருந்தால் மட்டும்

இங்கே முழுமறைப்பு காலை 10:45 மணியை ஒட்டி. சூரியன் 38 டிகிரி சுமாருக்கு இருப்பதால் நிலப்பரப்போடு சேர்த்துப் படம் எடுக்கச் சுகமான கோணம். நேரம் லக்ஸரைவிடக் குறைவு: ஜலசந்திக் கரையிலுள்ள தாரிஃபாவில் 4 நிமிடம் 30 விநாடிக்கு மேல், மேற்கே காதிஸில் 3 நிமிடத்துக்குச் சற்றுக் கீழ், கிழக்கே மலாகாவில் 2 நிமிடம்கூட முழுசாக இல்லை. தங்குமிடம், சாலை, ரயில் எல்லாம் எகிப்தைவிடச் சுலபம்.

வானம் பொதுவாக ஆகஸ்ட்டில் தெளிவுதான். சிக்கல் ஜலசந்தியில் இருக்கிறது. கிழக்கிலிருந்து வீசும் லெவாந்தே காற்று மத்தியதரைக் கடலின் ஈரத்தை இழுத்து வந்து மலைகளில் மோத வைக்கும். ஜிப்ரால்டர் பாறையின் உச்சியில் கொடி கட்டியது போல ஒரு மேகம் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துக் கடற்கரையிலும் தாழ்ந்த மேகம், சில நாள் மூடுபனி. ஆனால் அதே காற்று மலையைத் தாண்டி காதிஸ் பக்கம் இறங்கும்போது உலர்ந்து சூடாகி, அங்கே வானத்தைத் துடைத்துவிடுகிறது. மேற்கிலிருந்து போனியெந்தே வீசினால் கதை தலைகீழ். அட்லாண்டிக் ஈரம் காதிஸ் பக்கம் வரும், மலாகா பக்கம் வெளுக்கும்.

எந்தக் காற்று வீசுகிறது என்று முந்தைய நாள் தெரிந்தால், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். இரண்டு பக்கத்துக்கும் இடையே சில மணி நேர ஓட்டம்தான். அதனால்தான் வாடகைக் கார் இல்லாமல் தாரிஃபா கடற்கரையில் ஓர் அறையைப் போட்டுவிட்டு 'நடக்கிறபடி நடக்கட்டும்' என்று இருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காசும் போய், நிம்மதியும் போகும் ஏற்பாடு அது. தாரிஃபா காற்றுச் சறுக்கு விளையாட்டுக்குப் பேர் போன ஊர் என்பதும் நினைவிருக்கட்டும்; நீள லென்ஸும் முக்காலியும் அந்தக் காற்றில் ஆடாமல் நிற்பது கஷ்டம்.

இடம் மாறினால் நிமிடம் குறையுமே என்ற பயம் எல்லோருக்கும் வரும். கணக்கைப் பாருங்கள். நிழல் ஒரு வட்டம் என்று வைத்துக்கொண்டால், நிழல் பட்டையின் மையக்கோட்டிலிருந்து விளிம்பை நோக்கிச் சரிபாதி தூரம் விலகினாலும் நேரம் 13 சதவீதம்தான் குறைகிறது. லக்ஸர் போன்ற இடத்தில் அது 6 நிமிடம் 20 விநாடியிலிருந்து ஐந்தரை நிமிடத்துக்கு இறங்குவது. விளிம்புக்குக் கிட்டத்தில் போனால்தான் சடாரென்று சரியும். காதிஸுக்கு 3 நிமிடம் கிடைப்பதும் மலாகாவுக்கு 2 கிடைப்பதும் அதனால்தான். தாரிஃபாவை விட்டு, காதிஸ் போகும் திசையில் உள்ள பர்பாத்தே பக்கம் 40 கிலோமீட்டர் நகர்ந்தால் கையில் இருப்பது இன்னும் சுமார் 4 நிமிடம். மேகத்தடியில் கிடைக்கும் நாலரை நிமிடத்தைவிட அது எவ்வளவோ மேல்.

எதிர்க்கரைக்கு, அதாவது மொராக்கோவின் தாஞ்சியருக்கு, கப்பல் பிடித்துப் போய்விடலாம் என்று சிலர் திட்டம் போடுகிறார்கள். வேறு நாடு, வேறு விசா, படகுத்துறையில் வரிசை. கடைசி நேரத்துக்கான வழி இல்லை அது. போவதென்றால் தொடக்கத்திலேயே அந்தப் பக்கம் தங்கிவிட வேண்டும்.

நடுவில் இருப்பவை

துனிசியாவை ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்று புரியவில்லை. ஸ்ஃபாக்ஸ் நகரில் ஐந்தரை நிமிடத்துக்கு மேல், அதுவும் காலை 10 மணி தாண்டிய கொஞ்ச நேரத்தில். வெயில் உச்சத்துக்கு ஏறியிருக்காது. மலைகளின் மேல் பிற்பகலில் திரளும் மேகங்களும் இன்னும் தொடங்கியிருக்காது. கடலோரத்தில் மங்கலாக இருந்தால் உள்நாட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம். வானத்தில் லக்ஸருக்கு அடுத்து, நிமிடத்தில் ஸ்பெயினுக்கு மேலே.

சவூதியில் ஜித்தாவுக்கு 6 நிமிடத்தை ஒட்டிக் கிடைக்கிறது. செங்கடல் ஓரத்துப் புழுக்கமும் மங்கலும் கூடவே வரும். மெக்காவில் 5 நிமிடத்துக்கு மேல், ஆனால் முஸ்லிம்கள் மட்டுமே அந்த நகருக்குள் போக முடியும். லிபியாவின் பெங்காசிக்கு நேரமும் வானமும் நன்றாகவே அமைந்திருக்கின்றன, பாதுகாப்பு நிலைமைதான் இடிக்கிறது. ஏமன் மலைப்பகுதிக்கு ஆகஸ்ட் மழைக்காலம் வேறு. இந்த இரண்டையும் விட்டுவிடலாம்.

கப்பல், விமானம்

கப்பலின் பெரிய பலம் நகர்வு. மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் ஒரே இரவில் 370 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடலாம். சாலை நெரிசல் கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மேகம் வந்தால் மாலுமி பாதையை மாற்றுவாரா, அல்லது மறுநாள் காலை துறைமுகத்தில் நிற்க வேண்டும் என்ற அட்டவணைக்குக் கட்டுப்பட்டவரா? கிரகணத்துக்கென்றே ஏற்பாடு செய்த பயணமாக இருந்தால் மாற்றுவார். வழக்கமான சுற்றுலாக் கப்பல் 'போகிற வழியில் கிரகணம்' என்று விளம்பரம் செய்தால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடலுக்கு ஒரு பலவீனமும் இருக்கிறது. தரையில், சூரியன் மறைய மறைய நிலம் குளிர்ந்துவிடும். கீழிருந்து சூடான காற்று மேலெழுந்து உருவாகும் சின்னச் சின்னப் பஞ்சு மேகங்கள் அப்போது கரைந்து போவதைச் செயற்கைக்கோள் படங்களிலேயே பார்க்கலாம். கடல் நீர் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதன் மேல் உள்ள மேகங்களும் அப்படியே இருக்கும். தளம் ஆடுவதால் நீள லென்ஸ் படங்களும் கெடும். இருநோக்கியில் கண்ணாரப் பார்த்தால் போதும் என்பவர்களுக்குக் கப்பல் அருமை.

விமானம் என்றதும் எல்லோரும் சொல்வது 1973 ஜூன் 30. இதே சாரோஸ் குடும்பத்துக் கிரகணம்தான். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் கான்கார்ட் முன்மாதிரி விமானம் ஆப்பிரிக்காவின் மேல் நிழலைத் துரத்தி 74 நிமிடம் முழுமறைப்புக்குள்ளேயே பறந்தது. ஆனால் அதற்காக விமானத்தின் கூரையில் தனியாக ஜன்னல்கள் வெட்டினார்கள். சாதாரணப் பயணி விமானத்தில் ஜன்னல் பக்கவாட்டில்தான் இருக்கிறது. லக்ஸரின் 82 டிகிரிச் சூரியன் அதில் தெரியவே தெரியாது. 38 டிகிரிகூடக் கழுத்தைக் கண்ணாடியோடு ஒட்டி முறுக்கினால்தான். தாழ்ந்த சூரியன் உள்ள கிரகணங்களுக்கு விமானம் நல்ல யோசனை, 2027-க்கு வீண் செலவு.

சராசரியை எவ்வளவு நம்புவது

பல ஆண்டு மேகச் சராசரியை வைத்து கனடாவைச் சேர்ந்த வானிலையாளர் ஜே ஆண்டர்சன் போன்றவர்கள் ஒவ்வொரு கிரகணத்துக்கும் வரைபடம் தருகிறார்கள். ஒரு வருடம் முன்பே இடம் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் அது சொல்வது வாய்ப்பை மட்டும். 2024 ஏப்ரல் 8-க்கு அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம்தான் வானம் தெளிவாக இருக்கும், வடகிழக்கு மூலை மோசம் என்று சராசரி காட்டியது. அன்று டெக்சாஸின் பெரும்பகுதி மேகத்தில் தவித்தது. வடகிழக்கு மூலையிலுள்ள வெர்மான்ட்டும் வடக்கு மெய்னும் பிரமாதமாகப் பார்த்தன. வெர்மான்ட்டில் உயரத்தில் மெல்லிய மேகம் இருந்தது, ஆனால் கரோனா அதையும் மீறித் தெரிந்தது. சராசரிக் கணக்கு அந்த மாதிரி மெல்லிய மேகத்தையும் 'மேகம்' என்றே சேர்த்துக்கொள்ளும். ஆகவே சதவீதத்தை மட்டும் பார்த்து ஒரு இடத்தைத் தள்ள வேண்டாம். தாழ்ந்த தடித்த மேகமா, உயர்ந்த மெல்லிய மேகமா என்று பாருங்கள்.

லக்ஸரில் இந்தக் குழப்பம் கிட்டத்தட்ட இல்லை. அதனால் அங்கே போகிறவர் காசை நல்ல தங்குமிடத்திலும் நிழலிலும் போடலாம். ஸ்பெயினுக்கோ துனிசியாவுக்கோ போகிறவர் அதே காசை வண்டியிலும், ரத்து செய்தால் பணம் திரும்பும் இரண்டு அறைகளிலும் போட வேண்டும். ஐந்து நாள் முன்பு கணிப்பைப் பார்க்கத் தொடங்குங்கள். வானிலையைக் கணினியில் கணிக்கும் ஒரே ஒரு மாடலை நம்பாமல் ஐரோப்பிய மாடல், அமெரிக்க மாடல் இரண்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள். முந்தைய நாள் மாலை செயற்கைக்கோள் படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்த்து, அன்றிரவே நகர்ந்துவிடுங்கள். விடிந்த பிறகு கிளம்பினால் எல்லோரும் அதே சாலையில் இருப்பார்கள். 2017-லும் 2024-லும் அமெரிக்கச் சாலைகள் கிரகணம் முடிந்து மணிக்கணக்கில் உறைந்து நின்றன. அன்று மாலை விமானம் பிடிக்கிற மாதிரி திட்டம் போடாதீர்கள்.

முதல் முறை பார்க்கப் போகிறவர் என்றால் என் ஓட்டு லக்ஸருக்கு. ஏற்கெனவே ஒன்றிரண்டு பார்த்தவர், வண்டி ஓட்டத் தயங்காதவர், வெயில் தாங்காதவர் என்றால் துனிசியா. ஸ்பெயின் எனக்கு மூன்றாவதுதான். வயதானவர்களையோ சின்னக் குழந்தைகளையோ அழைத்துப் போகிறவர்களுக்கு மட்டும் அதை முதலிடத்துக்குத் தள்ளுவேன்.

2027 தவறினால் 2028 ஜூலை 22 இருக்கிறது, ஆஸ்திரேலியாவில். சிட்னி நகரமே நிழலுக்குள் வருகிறது, 4 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக. ஆனால் அங்கே அது குளிர்காலம், வானம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. வடமேற்கில் கிம்பர்லி பகுதிக்கு ஜூலை வறண்ட பருவம். வானத்துக்காகப் போகிறவர் அங்கேதான் போக வேண்டும். அங்கே அறைகள் குறைவு, ஊர்களுக்கு இடையே தூரம் அதிகம். சிட்னிக்கே போவதானால் காரும், நகருக்கு மேற்கே உள்ள மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் டப்போ என்ற ஊர் வரை போய்வரும் அளவுக்கு முந்தைய நாள் முழுசாகக் கையிருப்பும் வேண்டும்.